டிராஃப்டில் வந்த பையன் தேறுவானா? பேஸ்பால் மைனர் லீக் எண்களைப் படிக்கும் விதம்

1992 கோடையில் நியூயார்க் யாங்கீஸ் அணி, பள்ளி முடித்த கையோடு, பதினெட்டைத் தொடவிருந்த ஒரு பையனை எடுத்தது. அந்த வருட டிராஃப்டில், அதாவது புது வீரர்களை எடுக்கும் தேர்வில், ஆறாவது ஆள். அவனை அடிமட்ட லீக் ஒன்றில் 47 ஆட்டம் ஆடவிட்டார்கள். பேட்டிங் சராசரி .202. சீசனின் கடைசி ஆட்டத்தில் மேனேஜர் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டார். ஆடி, ஹிட் எதுவும் விழாமல் போனால் சராசரி .200-க்குக் கீழே இறங்கிவிடும் என்பதுதான் காரணம்.

இரண்டு வருடம் கழித்து, 1994-ல், கூடைப்பந்தை விட்டுவிட்டு வந்த மைக்கேல் ஜோர்டன் பர்மிங்ஹாம் பாரன்ஸ் என்ற மைனர் லீக் (உச்சமட்டமான மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள லீக்) அணிக்கு 127 ஆட்டம் ஆடினார். அவருடைய சராசரியும் .202.

அந்தப் பதினெட்டு வயதுப் பையன் டெரெக் ஜீட்டர். மேஜர் லீக்கில் 3,465 ஹிட் அடித்து, ஹால் ஆஃப் ஃபேம் தேர்வில் 397 வாக்குகளில் 396 வாங்கியவர். ஜோர்டன் 1995-ல் கூடைப்பந்துக்கே திரும்பிவிட்டார்.

டிராஃப்ட் முடிந்து நாலு வாரம் ஆகியிருக்காது, ரசிகர்கள் தீர்ப்பெழுத ஆரம்பித்துவிடுவார்கள். '.320 அடிக்கிறான், அடுத்த மைக் டிரவுட் இவன்தான்' என்று, இந்தத் தலைமுறையின் பெரிய நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி ஒரு கோஷ்டி. 'முதல் ரவுண்டுப் பையன், .190 கூடத் தேறவில்லை, பணம் தண்டம்' என்று இன்னொரு கோஷ்டி. இருவர் கையிலும் இருப்பது ஒரே ஒரு எண். அந்த எண்ணை எப்போது நம்பலாம், எப்போது தள்ளிவிடலாம், அதற்குப் பதில் எதைப் பார்க்கலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் சராசரி பற்றிக் கொஞ்சம். கிரிக்கெட் சராசரி போல இது ரன் கணக்கு கிடையாது. பேட்டர் தான் அடித்த பந்தால் ஒரு பேஸையாவது பத்திரமாக எட்டினால் அது ஹிட். ஆடிய முறைகளில் எத்தனை ஹிட் என்பது சராசரி. 100 முறையில் 25 ஹிட் என்றால் .250. பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், நான்கு பந்தை வெளியே வீசியதால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது வாக். அது இந்தக் கணக்கில் சேராது. மூன்று ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிராகக் கணக்காகும் பந்து) வாங்கி வெளியேறுவது ஸ்ட்ரைக்அவுட், இது சேரும். 2024-ல் மேஜர் லீக் மொத்தத்துக்கும் சராசரி .243. அதாவது .202 மோசம்தான், ஆனால் நினைப்பது போல அதலபாதாளம் இல்லை.

## டிராஃப்ட் எதற்கு, படிக்கட்டு எதற்கு

மேஜர் லீக்கில் 30 அணிகள். பள்ளி முடித்தவர்களையும் கல்லூரி வீரர்களையும் இந்த அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் வருடாந்திரத் தேர்வுதான் டிராஃப்ட். 1965-ல் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் யார் அதிகப் பணம் நீட்டுகிறார்களோ அவர்களுக்கே பையன்; பணக்கார அணிகள் வாரிக்கொண்டு போயின. டிராஃப்டில் போன வருடம் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ வீரர்கள் இந்த வழியாக வருகிறார்கள். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா பையன்களுக்கு வேறு வாசல். அவர்கள் 16 வயதிலேயே ஒப்பந்தமாகிவிடுகிறார்கள்.

இப்போது டிராஃப்டில் 20 ரவுண்டு, 600-க்குச் சற்று மேற்பட்ட பெயர்கள். மேஜர் லீக் அணி ஒவ்வொன்றிலும் 26 பேர், ஆக மொத்தம் 780 இடம். அந்த 780-ம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது. அதற்குத்தான் வருடாவருடம் புதிதாக 600 பேர் வந்து நிற்கிறார்கள், டொமினிக்கன் பையன்கள் தனி. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் 'ஏன் எல்லோரும் தேறவில்லை' என்று கேட்கமாட்டார்கள்.

அமெரிக்கக் கூடைப்பந்தில் முதல் ரவுண்டில் எடுத்த வீரர் பெரும்பாலும் அதே வருடம் பெரிய அணிக்கு ஆடுவார். பேஸ்பாலில் அது அபூர்வம். 1973-ல் டேவ் வின்ஃபீல்ட் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து நேரே சான் டியேகோ அணிக்குள் போனார். அப்படிப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குப் படியேற்றம் உண்டு. ஒரு மேஜர் லீக் அணிக்குக் கீழே வளரும் வீரர்களுக்காக இருக்கும் அணிகளின் வரிசையை ஃபார்ம் சிஸ்டம் என்பார்கள். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி இதைப் பெரிய அளவில் கட்டியெழுப்பினார். வீரர்களை விலைகொடுத்து வாங்கப் பணம் இல்லாத அணி, தானே வளர்த்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அது.

2021-ல் வரிசையைக் குறுக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு அணிக்கும் கீழிருந்து மேலாக சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்று நான்கு முழு சீசன் அணிகள். அதற்கும் கீழே அரிசோனா, ஃப்ளோரிடா பயிற்சி வளாகங்களிலேயே நடக்கும் ரூக்கி லீக்குகள். வெயிலில் காய்ந்துகொண்டே ஆடுவார்கள், பார்க்க ஆள் இருக்காது. ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேர்வாகி இந்தியாவிலிருந்து போன ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2009-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்காகப் பந்து வீசியது இந்த மட்டத்தில்தான்.

இதில் எல்லோரும் மறந்துபோகிற விஷயம் ஒன்று: மைனர் லீக் அணி ஜெயிப்பதற்காக ஆடுவது கிடையாது. ஒரு பிட்சரிடம் 'இன்றைக்கு உன் நல்ல ஸ்லைடரை மறந்துவிடு, இன்னும் கைவராத சேஞ்ச்அப்பையே போடு' என்று சொல்லி அனுப்புவார்கள். அவனும் போட்டு, அடி வாங்கிவிட்டு வருவான். மறுநாள் ஸ்கோர் பட்டியலில் ஐந்து ரன் கொடுத்ததாக இருக்கும். அது பயிற்சிக் குறிப்பு. நாம் அதைத் தேர்வு முடிவு என்று நினைத்துப் படித்துவிடுகிறோம்.

இதுவரை பார்த்தது: டிராஃப்ட் என்பது வரிசையில் இடம் பிடிப்பது மட்டும்தான். அதற்கப்புறம் ஐந்து படி. கீழ்ப்படிகளில் எண்கள் பயிற்சியின் துணைவிளைவு.

## வயதைக் கேட்காமல் மார்க்கைக் கேட்காதீர்கள்

ஆறாம் வகுப்புக் கணக்குத் தாளில் 95 மார்க். ஆறாம் வகுப்புப் பையன் வாங்கினால் சந்தோஷம். பத்தாம் வகுப்புப் பையன் அதே தாளை எழுதி வாங்கினால் 'மீதி அஞ்சு எங்கே போச்சு' என்று கேட்போம். நாலாம் வகுப்புப் பையன் 60 வாங்கினாலும் பக்கத்து வீடு வரை சொல்லிவிட்டு வருவோம்.

டிராஃப்டில் வரும் பள்ளிப் பையனுக்கு 18 வயது. நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தவனைப் பொதுவாக மூன்று வருடம் முடிந்த பிறகோ 21 வயது ஆன பிறகோதான் எடுக்க முடியும். ஆக, அதே சிங்கிள்-ஏ அணியில் 18 வயதுக்காரனும் 21 வயதுக்காரனும் பக்கத்துப் பக்கத்து லாக்கரில் இருப்பார்கள். இருவருமே .270 அடித்தால் பெரியவனுடைய .270 எதிர்பார்த்ததுதான். பெரிய கல்லூரி லீக்குகளில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் பிட்சர்களை அவன் மூன்று வருடம் பார்த்தவன். சின்னவன் இரண்டு மாதத்துக்கு முன்பு வரை, அதைவிடக் குறைந்த வேகத்தில் வீசும் பள்ளிப் பையன்களை அலுமினிய மட்டையால் விளாசிக்கொண்டிருந்தவன். இப்போது கையில் மரமட்டை. தப்பான இடத்தில் பட்டால் அலுமினியத்தில் ஹிட் ஆகும் பந்து, மரத்தில் மட்டையை உடைத்துக்கொண்டு பிட்சர் காலடியில் உருளும்.

ஒவ்வொரு படியிலும் அங்கே ஆடுகிறவர்களின் வழக்கமான வயது என்ன, இவன் அதற்கு மேலா கீழா என்று பார்ப்பதைப் படிக்கான வயது என்று வைத்துக்கொள்வோம். வேறு எதையும் பார்க்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது பாருங்கள். 1992-ல் ஜீட்டர் வயதில் சின்னவர், வீட்டைவிட்டு வந்த முதல் கோடை. 1994-ல் ஜோர்டன் ஆடிய அதே டபுள்-ஏ மட்டத்துக்கு வேறொரு லீக்கில் ஜீட்டரும் வந்துசேர்ந்தார், இருபது வயதில். அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று படி ஏறினார். மூன்றையும் சேர்த்துச் சராசரி.344. ஜோர்டனுக்கு அப்போது 31.

பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் மட்டையைத் தொடாத ஒருவர் டபுள்-ஏ பிட்சர்களிடம் .202 அடித்ததே பெரிய விஷயம் என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கும் அதில் சம்மதம்தான். ஆனால் வளரும் வீரரைப் பற்றி அணி கேட்கும் கேள்வி வேறு: இன்னும் எவ்வளவு வளர இடம் இருக்கிறது? பேட்டர்களின் உச்சகாலம் பெரும்பாலும் இருபதுகளின் பின்பாதியில் வந்துவிடுகிறது. 31 வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

வேகமாக மேலே ஏற்றுவதையும் அப்படியே புகழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் 11-வது ஆளாக எடுத்த நோலன் ஷானுவேல், ஆகஸ்ட் 18-ம் தேதி மேஜர் லீக்கில் ஆடிவிட்டார். ஆறு வாரம் கூட ஆகவில்லை. பந்தைத் தேர்ந்து ஆடுவதில் அவர் முதிர்ச்சியானவர் என்பது உண்மை. ஏஞ்சல்ஸ் அவசரத்தில் இருந்ததும் உண்மை. அணியின் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானியின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது என்று ஊருக்கே தெரியும்.

## நாற்பது ஆட்டத்தில் என்ன தெரியும்?

2021 முதல் டிராஃப்ட் ஜூலைக்குப் போய்விட்டது. கையெழுத்து, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து களத்துக்கு வர ஆகஸ்ட் ஆகிவிடும். செப்டம்பரில் கீழ்மட்ட சீசன் முடிந்துவிடும். பல பள்ளிப் பையன்கள் அந்த வருடம் அதிகாரபூர்வ ஆட்டம் எதுவும் ஆடுவதே இல்லை. கல்லூரிப் பேட்டர் ஒருவன் முப்பது நாற்பது ஆட்டம் ஆடினால் அதிகம். அதுவும் பிப்ரவரியிலிருந்து கல்லூரி சீசன் ஆடிக் களைத்த உடம்போடு.

நாற்பது ஆட்டம் என்றால் சுமார் 150 முறை ஆடியிருப்பான் என்று வையுங்கள். உண்மையான திறமை .250 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எதிர்பார்க்கும் ஹிட் 37 அல்லது 38. ஆனால் நாணயம் சுண்டும்போது பத்தில் ஐந்து எப்போதும் தலை விழுவதில்லை. நிகழ்தகவுக் கணக்குப்படி இருபதில் பத்தொன்பது தடவை அவனுடைய ஹிட் 27-லிருந்து 48-க்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அதாவது .180-லிருந்து .320 வரை! ஒரு கோஷ்டிக்கு அவன் அடுத்த டிரவுட், இன்னொரு கோஷ்டிக்குத் தண்டம். இரண்டும் ஒரே பையன், அதே திறமை.

இதோடு இன்னொன்றும் சேருகிறது. அடித்த பந்து மைதானத்துக்குள் விழுந்தபின் ஹிட் ஆவதும் கேட்ச் ஆவதும் பாதி அவன் கையில் இல்லை. மேஜர் லீக்கில் அப்படி உள்ளே விழும் பந்துகளில் சுமார் 30 சதவீதம் ஹிட் ஆகின்றன. ரூக்கி லீக்கில் மைதானம் மேடுபள்ளம், ஃபீல்டர்களும் பையன்கள்தான். ஒரு பையனுக்கு உள்ளே விழுந்த பந்துகளில் 40 சதவீதம் ஹிட் ஆகியிருந்தால், அந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அப்படியானால் சின்னக் கணக்கில் எதைப் பார்ப்பது? ஃபீல்டரும் அதிர்ஷ்டமும் நடுவில் வராதவற்றை. ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே முடிந்துபோகிற விவகாரம். மேஜர் லீக் பேட்டர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, ஸ்ட்ரைக்அவுட் விகிதம் சுமார் 60 வாய்ப்புகளிலேயே ஓரளவு நிலைத்துவிடுகிறது என்றது. வாக் விகிதத்துக்கு 120. பேட்டிங் சராசரிக்கோ 900-க்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு முழு சீசன். அடிமட்ட லீக்குக்கு இதே எண்கள் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசை மட்டும் நினைவில் இருந்தால் போதும். மேஜர் லீக்கில் நூறு வாய்ப்பில் சுமார் 22, 23 ஸ்ட்ரைக்அவுட், எட்டு வாக். பெரிய கல்லூரியிலிருந்து வந்தவன் சிங்கிள்-ஏவிலேயே நூறுக்கு 30 ஸ்ட்ரைக்அவுட் ஆகிறான் என்றால், சராசரி .300 இருந்தாலும் நான் கொஞ்சம் கவலைப்படுவேன்.

இன்னொரு வகை எண்ணும் இருக்கிறது, இது இப்போதுதான் சுலபமாகக் கிடைக்கிறது. மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தைக் கேமராக்கள் அளக்கின்றன. மணிக்கு 153 கிலோமீட்டரைத் தாண்டினால் பலமான அடி என்று கணக்கு. இதில் வசதி என்னவென்றால், ஹிட் அதிர்ஷ்டத்தில் கிடைக்கலாம், ஆனால் பந்தை 177 கிலோமீட்டர் வேகத்தில் யாரும் தற்செயலாக அடித்துவிட முடியாது. ஒரே ஒருமுறை அடித்திருந்தாலும் உடம்பில் அந்த பலம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை அடிக்கடி செய்வானா என்பதற்குத்தான் நூற்றுக்கணக்கான வாய்ப்புகள் தேவை.

மூக்கி பெட்ஸின் முதல் முழுக் கோடையை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2011-ல் ஐந்தாவது ரவுண்டில், 172-வது ஆளாக எடுத்த பையன். நாஷ்வில் பள்ளி மாணவன், சுமார் 175 சென்டிமீட்டர் உயரம். 2012-ல் லோவல் என்ற ஊரின் அணிக்கு 71 ஆட்டம் ஆடினான். சராசரி .267. ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டும் அடி? பூஜ்ஜியம். பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தவர்கள் 'ஓடுவான், அடிக்கமாட்டான்' என்று தாண்டிப்போயிருப்பார்கள். ஆனால் அந்த 19 வயதுப் பையன் ஸ்ட்ரைக்அவுட்டுகளுக்கு ஈடாக வாக் எடுத்திருந்தான். எந்தப் பந்தைத் தொட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பலம் மட்டும் இன்னும் வரவில்லை. அடுத்த வருடம் இரண்டு படிகளில் 15 ஹோம் ரன். 2018-ல் .346 சராசரி, 32 ஹோம் ரன், மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீகின் தலைசிறந்த வீரர் விருது.

இப்படிச் சொல்லும்போது எல்லாம் முன்பே எழுதிவைத்தது போல இருக்கும். அதே மாதிரிக் கணக்கோடு அதே லீக்கில் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்களும் உண்டு. நல்ல ஸ்ட்ரைக்அவுட், வாக் விகிதம் இருந்தால் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

சுருக்கமாக: கொஞ்ச ஆட்டத்தில் சராசரியை விடுங்கள், ஸ்ட்ரைக்அவுட், வாக், அடியின் வேகம் மூன்றையும் பாருங்கள். அதையும் வயதோடு சேர்த்துப் பாருங்கள்.

## ஸ்கவுட் போடும் மார்க்

எண்கள் இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால்தான் அணிகள் இன்னமும் ஆட்களை அனுப்பிக் கண்ணால் பார்க்கச் சொல்கின்றன. ஸ்கவுட் என்பவர் ஊர் ஊராகப் போய் வீரர்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். அவர்கள் போடும் மார்க் 20-லிருந்து 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு பத்தும் ஒரு பெரிய தாண்டல். 60 என்றால் தெளிவாகச் சராசரிக்கு மேலே, 70 அபூர்வம், 80 ஒரு தலைமுறையில் சிலருக்கு.

அந்த 50 மேஜர் லீக் அளவு என்பதைக் கவனியுங்கள். 'பையனுக்கு எல்லாமே 45, 50-தானா' என்று ரசிகர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். உலகத்தின் தலைசிறந்த 780 பேரில் நடுவில் நிற்பவன் 50. எல்லாவற்றிலும் 50 வாங்குகிற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பத்து வருடம் மேஜர் லீக்கில் பிழைப்பான்.

பேட்டர்களுக்கு ஐந்து திறன்: பந்தைத் தொடுவது, பலமாக அடிப்பது, ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை. சிலவற்றை உடனே அளந்துவிடலாம். ஸ்கவுட் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். மட்டையில் பந்து பட்ட சத்தத்தில் அழுத்தி, முதல் பேஸில் கால் பட்டதும் நிறுத்துவார். 27 மீட்டர் சொச்சம். வலதுகைப் பேட்டர் 4.3 வினாடியில் போனால் 50. 4.0-வில் போனால் உச்சிப் பக்கம். இரண்டு நாள் பார்த்தால் ஓட்டத்தின் மார்க் ரெடி. எறியும் கையும் அப்படித்தான். பந்தைத் தொடும் திறன்தான் கண்ணாமூச்சி காட்டும். வேகமாக வளைகிற நல்ல பந்துகளைப் பார்க்காதவரை அது பையனுக்கே தெரியாது. டபுள்-ஏவில் பலருடைய ஏற்றம் நின்றுபோவது இதனால்தான்.

ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு மார்க் உண்டு: இன்றைக்கு இருப்பது, வளர்ந்தபின் வரக்கூடியது. ஒல்லியான உயரமான 18 வயதுப் பையனுக்குப் பலம் இன்றைக்கு 30, நாளைக்கு 60 என்று எழுதுவார்கள். தோளும் இடுப்பும் விரிந்தால் எடை கூடும், அடி தூரமாகப் போகும் என்ற கணிப்பு. ரசிகர் அந்த 60-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

எந்த இடத்தில் நிற்பான் என்பதும் மதிப்பை மாற்றிவிடும். ஷார்ட்ஸ்டாப், கேட்சர், சென்டர் ஃபீல்ட் கடினமான இடங்கள். அங்கே நன்றாக நிற்பவன் சுமாராக அடித்தாலும் வேலை உண்டு. முதல் பேஸ் மட்டும்தான் தெரியும் என்றால் அடித்து நொறுக்கியே தீர வேண்டும். ஜேக்கப் டிக்ரோம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர். நியூயார்க் மெட்ஸ் 2010-ல் ஒன்பதாவது ரவுண்டில் பிட்சராக எடுத்தது. பிறகு இரண்டு முறை, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

## பிட்சர் என்றால் இன்னும் பொறுமை

பிட்சருக்கு எல்லோரும் பார்ப்பது ஈஆர்ஏ: ஒன்பது இன்னிங்ஸுக்கு (மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஒரு இன்னிங்ஸ்), ஃபீல்டர் தப்பால் வந்ததைக் கழித்துவிட்டு, எத்தனை ரன் கொடுத்தான் என்ற கணக்கு. டிராஃப்ட் வருடத்தில் இதைப் பார்ப்பது வீண்வேலை.

பால் ஸ்கீன்ஸ் நல்ல சாட்சி. 2023-ல் எல்எஸ்யூ என்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 122 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்துவிட்டு வந்தார். பைரேட்ஸ் முதல் ஆளாக எடுத்தது. கல்லூரியிலேயே கை அவ்வளவு உழைத்துவிட்டதால் அந்தக் கோடையில் மொத்தம் ஆறே முக்கால் இன்னிங்ஸ் கூட வீசவிடவில்லை. நாலு ரன் கொடுத்தார், ஈஆர்ஏ 5.40 என்று பதிவாகிவிட்டது. அடுத்த மே மாதம் மேஜர் லீக் வந்தார், ஈஆர்ஏ 1.96, வருடத்தின் சிறந்த புதுமுக விருது. இடையில் அவர் கை மாறவில்லை. ஆறு சொச்சம் இன்னிங்ஸுக்கு எதையும் சொல்லும் தகுதி இல்லை.

பிட்சரிடம் பந்தின் வேகம், அது வளையும் விதம், எத்தனை வகைப் பந்து கைவசம், சொன்ன இடத்தில் போடுகிறானா, இவற்றைப் பார்க்கலாம். வேகம் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஆனால் முன்பு வாயைப் பிளக்கவைத்த வேகம் இன்றைக்குச் சாதாரணம்; மேஜர் லீக் ஃபாஸ்ட்பாலின் சராசரியே மணிக்கு 151 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அப்புறம் காயம். 1991-ல் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லர் மைனர் லீக்கில் நன்றாகவே வீசிக்கொண்டிருந்தார். 1993-ல் ஒரு கைகலப்பில் தோள் கிழிந்தது. மேஜர் லீக்கைப் பார்க்கவே இல்லை.

## ரவுண்டைவிடப் பணத்தைப் பாருங்கள்

2012 முதல், முதல் பத்து ரவுண்டுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஒரு விலை குறித்துவைக்கிறது. அந்த விலைகளின் கூட்டுத்தொகைதான் அணியின் போனஸ் (கையெழுத்துப் போடும் பையனுக்குத் தரும் தொகை) கையிருப்பு. அதை அதிகம் தாண்டினால் வருங்கால முதல் ரவுண்டு இடமே பறிபோகும். ஆனால் ஒரு பையனுக்குக் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தை இன்னொருவனுக்குக் கூட்டிக் கொடுக்கலாம். ஸ்கீன்ஸின் இடத்துக்குக் குறித்த விலை 97 லட்சம் டாலருக்கு மேல். அவர் வாங்கியது 92 லட்சம். மிச்சம் வேறு யாருக்காவது உதவும்.

கல்லூரி நாலாம் வருடம் முடித்தவனுக்குப் பேரம் பேச வழி இல்லை; சொற்பத்துக்குக் கையெழுத்துப் போடுவான். 'கல்லூரிக்கே போகிறேன்' என்று சொல்லக்கூடிய பள்ளிப் பையனை இழுக்க மிச்சப் பணம் போகும். அதனால் ஆறாவது ரவுண்டில் வந்தவன் மூன்றாவது ரவுண்டில் வந்தவனைவிட அதிகம் வாங்கியிருந்தால், அணி உண்மையில் யாரை உசத்தியாக நினைக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பழைய விதிகளின் காலத்திலேயே பெட்ஸுக்கு ஐந்தாவது ரவுண்டில் ஏழரை லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஐந்தாவது ரவுண்டுப் பையன் என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ரெட் சாக்ஸ் அவனை அப்படி மதிப்பிடவே இல்லை. பணம் போட்ட இடத்தில் பொறுமையும் இருக்கும். பெரிய போனஸ் வாங்கியவன் இரண்டு வருடம் தடுமாறினாலும் மூன்றாவது வாய்ப்பு கிடைக்கும். சொற்பத்துக்கு வந்தவனை ஒரு மோசமான சீசனிலேயே அனுப்பிவிடுவார்கள்.

'மைக் பியாசா 62-வது ரவுண்டில் வந்தவர், டிராஃப்ட் எல்லாம் சும்மா' என்று ஒரு வாதம் வரும். 1988-ல் அவர் 1,390-வது ஆள் என்பது உண்மை. டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டா அவருடைய அப்பாவின் நண்பர் என்பதற்காகக் கடமைக்கு எடுத்தார்கள். ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். ஆனால் அந்த 1,390 பேரில் கடைசிப் பக்கத்தில் வந்த மற்றவர்களின் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அணிகள் தங்கள் கணிப்பை எவ்வளவு நம்புகின்றன என்று கேட்டால் எனக்கு 2009 ஏஞ்சல்ஸ்தான் நினைவுக்கு வரும். 24, 25 இரண்டு இடமும் அவர்களுடையது. முதலில் ராண்டல் கிரிச்சக்கை எடுத்தார்கள். அடுத்த பெயர்தான் மைக் டிரவுட்.

## அணிக்கே ஒரு கெடு இருக்கிறது

ரசிகர் ஆகஸ்டில் முடிவு கட்டுகிறார். அணிக்கு லீக் கொடுத்திருக்கும் அவகாசம் நான்கைந்து வருடம். 18 அல்லது அதற்குக் குறைந்த வயதில் ஒப்பந்தமான பையனை ஐந்தாவது டிசம்பருக்குள்ளும், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நாலாவது டிசம்பருக்குள்ளும் நாற்பது பேர் கொண்ட பெரிய பட்டியலில் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் ரூல் 5 டிராஃப்ட் என்ற தேர்வில் மற்ற அணிகள் அவனைத் தூக்கிக்கொள்ளலாம். 2022-ல் வந்த கல்லூரிப் பையன்களுக்கு 2025 டிசம்பர்தான் கெடு. நவம்பரில் யார் யாரைப் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். அணி தன் பையன்களைப் பற்றி நினைப்பதைப் பகிரங்கமாகச் சொல்லும் நாள் அது.

விதிகள் வேறாக இருந்த 1954-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அப்படி ஒரு பையனைக் காப்பாற்றாமல் விட்டது. மான்ட்ரியல் மைனர் லீக் அணியில் 87 ஆட்டம் ஆடியவன், அதிலும் பாதி நேரம் உட்காரவைக்கப்பட்டவன், சராசரி .257. பைரேட்ஸ் ஸ்கவுட் கிளைட் சுக்ஃபோர்த் அங்கே போனது வேறொரு பிட்சரைப் பார்க்க. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் அந்தப் பையன் வெளிமைதானத்திலிருந்து பந்தை எறிவதைப் பார்த்துவிட்டு, பிட்சரை மறந்து இவனைப் பற்றி எழுதி அனுப்பினார். 4,000 டாலர் கட்டி பைரேட்ஸ் எடுத்துக்கொண்டது. ராபர்ட்டோ கிளமென்ட்டே அங்கே 18 சீசன் ஆடி, சரியாக 3,000 ஹிட் அடித்தார்.